ஆடி பிறந்தபோது வேலூர்ப் பக்கம்

ஜூலை 14, திங்கள் (ஆனி 30)

காட்பாடியில் இறங்கியபோது பதினொரு மணி. நிலையத்து நிழலை விட்டு வெளியே கால் வைத்ததும் வெயில் முகத்தில் அடித்தது. கத்திரி முடிந்து ஒன்றரை மாதம் ஆகிறது. கேரளத்தில் மழை பிடித்தும் கிட்டத்தட்ட அவ்வளவு நாள் ஆகிறது. இங்கே இன்னும் கோடையேதான்.

"நேத்து நூத்தி ரெண்டும்மா. மே மாசத்துல நூத்தியெட்டு பாத்தோம். இப்ப பரவால்ல" என்றார் ஆட்டோக்காரர். வேலூரில் யாரும் செல்சியஸில் பேசி நான் கேட்டதில்லை. செய்தித்தாளும் பாரன்ஹீட்டில்தான் போடுகிறது, டீக்கடையும் அதே கணக்கில்தான் பேசுகிறது. கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால் கடற்காற்று வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஊரைச் சுற்றிப் பாறைக் குன்றுகள். பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியில் விடுகின்றன.

காட்பாடியிலிருந்து வேலூருக்குப் போகப் பாலாற்றைக் கடக்க வேண்டும். பாலத்தின் கீழே மணல், சீமைக் கருவேலம், ஓரமாக ஒரு சாக்கடை நீர்க்கோடு. 2021 நவம்பரில் இதே ஆறு இரு கரையும் முட்டி ஓடியது. அந்த வெள்ளத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவள் நான். நேரில் இந்த மணலைப் பார்க்கும்போது இரண்டும் ஒரே ஆறு என்று மனசு ஒப்ப மறுக்கிறது.

நான் பிறந்தது கும்பகோணத்துப் பக்கம். எங்களுக்கு ஆடி என்றால் ஆறு. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தார்களா, தண்ணீர் கல்லணை தாண்டியதா என்பதுதான் வீட்டுப் பேச்சு. ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரையில் சித்திரான்னம். பிறகு சென்னைக்கு வந்தேன். அங்கே மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும். ஒடுகத்தூர்ப் பக்கத்துச் சிநேகிதி ஒருத்தி, "ஆடி பொறக்கறப்ப எங்க ஊருக்கு ஒரு வாட்டி வா" என்று வருஷா வருஷம் கூப்பிடுவாள். ஆற்றில் தண்ணீர் வராத சீமையில் ஆடியை எப்படி வரவேற்பார்கள் என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

சாயங்காலம் கோட்டை. அகழியில் தண்ணீர் இருந்தது, கரையோரம் நடப்பவர்கள் கூட்டம். வெளியே தள்ளுவண்டியில் கேழ்வரகுக் கூழ், ஒரு சொம்பு 20 ரூபாய். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பில் ஊறிய மாங்காய்த் துண்டு. பக்கத்தில் நின்று குடித்த பெரியவர் தன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஈர விரலைத் தூக்கிக் காட்டினார். "மேக்கால இருந்து வீசுது பாரும்மா. போன வாரம் வரைக்கும் இந்நேரத்துக்குக் காத்தே இல்ல." உண்மைதான். கூழ்வண்டியின் தார்ப்பாய் மேற்கிலிருந்து கிழக்கே படபடத்துக்கொண்டிருந்தது.

ஜூலை 15, செவ்வாய்

பொய்கை மாட்டுச் சந்தை செவ்வாய்க்கிழமைதான் கூடும். பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய இடம். விடிவதற்குள் லாரிகள் வந்து நின்றுவிடுகின்றன. ஆந்திராப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தெலுங்கில் விலை சொல்ல, இங்கத்தியவர்கள் தமிழில் இறக்க, இரண்டு பேருக்கும் இரண்டு மொழியும் புரிகிறது. வாயைத் திறந்து பல் பார்க்கிறார்கள். ரெண்டு பல், நாலு பல், கடை சேர்ந்தது என்று வயசைச் சொல்கிறார்கள். நெற்றியிலும் முதுகிலும் சுழி எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்க்கிறார்கள்.

துண்டு போட்டுப் பேசுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், இன்றைக்குத்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு பேர் எதிரெதிரே நின்று வலது கையைக் கொடுக்கிறார்கள், மேலே ஒரு துண்டு விழுகிறது. உள்ளே விரல்கள் அசைவது துணியில் தெரிகிறது. முகத்தில் ஒன்றும் தெரியாது. ஒருவர் வேறு எங்கோ பார்க்கிறார், ஒருவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். இரண்டு நிமிஷம் கழித்துத் துண்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, முடிந்தது என்று தலையசைத்தார்கள். கறவை மாடு ஒன்று எழுபதாயிரத்துக்குச் சற்று மேலே கைமாறியது என்று பிறகு தெரிந்தது. "ஒரு விரலப் புடிச்சா ஆயிரமா பத்தாயிரமான்னு மாட்டப் பாத்தாலே தெரியும்மா. வாய விட்டா நாலு பேரு நடுவுல வருவான்" என்று அந்தத் தரகர் விளக்கினார். எனக்கும் சேர்த்து டீ வாங்கிக் காசும் அவரே கொடுத்தார். நான் நீட்டிய நோட்டைத் தொடவில்லை. "விருந்தாளி காசு குடுத்தா எனக்கு இன்னா மரியாதி?"

உழவு மாட்டு ஜோடிகள் சந்தையின் ஒரு மூலையில் மட்டும் இருந்தன. பெரிய கொல்லைகளுக்கு, அதாவது மானாவாரி நிலங்களுக்கு, டிராக்டர் வந்துவிட்டது. ஆனால் விதை போடும் சால் (ஏர் கீறும் கோடு) நேராக விழ மாடுதான் வேண்டும் என்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனி கடைசியில் அவர்கள் தேடி வருவார்கள் என்றார் தரகர். "நார்த் ஆற்காடு பூரா இங்கதான் வரும்" என்று அவர் சொன்னபோது கவனித்தேன்: 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. சந்தைக்காரர்களின் வாயில் மாவட்டம் இன்னும் பழைய அளவிலேயே இருக்கிறது.

அங்கிருந்து விரிஞ்சிபுரம் பக்கம்தான். மார்க்கபந்தீஸ்வரர் கோயிலின் மதிலைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வந்தால் 'திருவிரிஞ்சை மதிலழகு' என்று ஏன் சொன்னார்கள் என்பது புரியும். வெளிப்பிராகாரத்தில் மணி காட்டும் கல் இருக்கிறது. அரை வட்டமாகக் கோடுகள் கீறி எண்கள் வெட்டியிருக்கிறார்கள். மேலே உள்ள பள்ளத்தில் குச்சியை வைத்தால் நிழல் விழும் இடம்தான் மணி. பூக்கட்டும் அம்மா ஒருவர் தென்னை ஈர்க்கு ஒன்றைக் கிள்ளி வந்து வைத்தார். நிழல் விழவில்லை. மேகம் மூடியிருந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் நின்று பார்த்தோம். மதிலுக்கு அப்பால் வயலில் வெயில் அடிக்கிறது, கல்லுக்கு மேலே மட்டும் மேகம்.

"பங்குனி சித்திரையில எப்ப வந்தாலும் மணி காட்டும். ஆடி வந்துட்டா இப்படித்தான், அப்பப்ப நின்னுடும்" என்றார். அவருக்கு அதில் சந்தோஷம்தான். மணி பார்க்க முடியாமல் போனதில் எனக்கும் வருத்தமில்லை.

ஜூலை 16, புதன் (ஆனி 32)

ஒடுகத்தூர் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கூட்டம் தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண், தன் குழந்தையை முன்பின் தெரியாத என் மடியில் வைத்துவிட்டு, இறங்கும்போது வாங்கிக்கொண்டு போனாள். கேட்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

சிநேகிதியின் வீடு ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், அணைக்கட்டு என்ற ஊருக்கும் ஒடுகத்தூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். வாசலில் வேம்பு, திண்ணையில் அவளுடைய ஆயா, அதாவது பாட்டி. "குந்து கண்ணு" என்று தன் பக்கத்தில் இடம் விட்டார். குந்தினதும் கையில் ஒரு பிடி மல்லாட்டையைக் கொடுத்துவிட்டார். வேர்க்கடலைக்கு இங்கே மல்லாட்டை என்று பெயர். விருந்தாளிக்குத் தின்னக் கொடுப்பது என்று நினைத்து நான் வாயருகே கொண்டுபோக, திண்ணையில் இருந்த பெண்கள் எல்லாரும் "அய்யய்யோ" என்றார்கள். விதை மல்லாட்டை. உரித்துப் போடத்தான் கொடுத்திருக்கிறார்.

விதைக்கடலை உரிப்பதற்குப் பொறுமை வேண்டும். இயந்திரத்தில் போட்டால் பருப்பின் மேல்தோல் சிராய்ந்துவிடும். தோல் போன பருப்பு மண்ணுக்குள் முளைக்காமல் அழுகும். அதனால் கைதான். முந்தின நாளே லேசாகத் தண்ணீர் தெளித்து ஓட்டை இளக வைத்திருக்கிறார்கள். காயின் மூக்கைத் தரையில் ஒரு தட்டு, இரண்டு விரலால் ஓர் அழுத்து, ஓடு பிளந்து பருப்பு முறத்தில் விழுகிறது. ஆயாவின் கட்டைவிரல் நகம் இந்த வேலையிலேயே தட்டையாகிப் போயிருக்கிறது. சுருங்கினது, ஒடிந்தது, பூஞ்சை பிடித்தது எல்லாம் தனியாக. அது வீட்டுச் சட்னிக்கு. வெளியிலிருந்து வந்து உரிப்பவர்களுக்குப் படிக்கு 20 ரூபாய். பேசிக்கொண்டே உரித்தால் ஒரு படிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பேசாமல் யாரும் உரிப்பதில்லை.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத மத்தியானத்தில் ஐந்தாறு பெண்கள் விதை உரிக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் கொல்லை மூன்று ஏக்கர், செம்மண். கோடை மழை பெய்த ஈரத்தில் ஒரு தரமும், அப்புறம் புழுதியாக ஒரு தரமும் உழுது வைத்திருக்கிறார்கள். கோடை உழவு கோடி நன்மை என்பார்களே, அந்த உழவு. போன வாரம் இடையர்களிடம் பேசி, ராத்திரிக்கு இவ்வளவு என்று கொடுத்து, கொல்லையில் ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார்கள். புழுக்கை காய்ந்து மண்ணோடு கிடக்கிறது. நடந்தால் கணுக்கால் வரை புழுதி. கிணறு இருக்கிறது, ஆனால் அது வீட்டுக்கும் மாட்டுக்கும் அரை ஏக்கர் கத்தரிக்கும் சரியாகப் போகும். மீதிக்கு வானம்தான்.

"மழ வரலன்னா?" என்று கேட்டேன். சிநேகிதியின் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "வந்தப்புறம் உரிக்க ஆரம்பிச்சா ஈரம் நிக்குமா?" என்றார். செம்மண்ணில் ஈரம் இரண்டு நாள், மூன்று நாள். அதற்குள் விதை உள்ளே போயிருக்க வேண்டும். ஆகவே வேலை எல்லாம் மழைக்கு முன்னால், மழை வரும் என்ற நம்பிக்கையின்பேரிலேயே நடக்கிறது. நான் பார்க்க வந்தது இதைத்தான் என்று அந்தத் திண்ணையில் தெரிந்துவிட்டது.

ராத்திரி மாடியில் படுத்தோம். தரை சுட்டது, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியும் ஒரு மணி வரை ஆறவில்லை. அப்புறம் காற்று. பனைமட்டைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. மலைமேல் மின்னல் வெட்டியது, இடிச் சத்தம் வரவில்லை.

ஜூலை 17, வியாழன் (ஆடி 1)

காலையிலேயே காற்று பலமாகிவிட்டது. கொடியில் காய்ந்த துணியில் பாதி பக்கத்துக் கொல்லையில். வாசல் தெளித்துப் போட்ட கோலத்தின் மாவு பறந்துகொண்டே இருக்க, சிநேகிதியின் அம்மா ஈரமாவால் மறுபடி போட்டார். நிலைக்கு வேப்பிலை கட்டினார்கள். கடைக்குப் போகலாம் என்று நான் விரித்த குடை தெருமுனையிலேயே திரும்பி இரண்டு கம்பி ஒடிந்தது. கண்ணில் மண். தெருவில் எல்லாரும் முகத்தைக் கிழக்கே திருப்பிக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

இந்த வீட்டில் இன்றைக்குத் தலையாடி. சின்ன மகளுக்குத் தையில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஆம்பூர்ப் பக்கம் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் வேலை. இரண்டு பேரையும் நேற்றே போய் அழைத்து வந்துவிட்டார்கள். விருந்து, துணிமணி எல்லாம் முடிந்து சாயங்காலம் மாப்பிள்ளை மட்டும் கிளம்புவார், பெண் மாதம் முழுக்க இங்கே. ஆடியில் கரு தரித்தால் சித்திரையில் பிரசவம் ஆகும், கத்திரி வெயிலில் தாயும் பிள்ளையும் தவிப்பார்கள் என்பது பெரியவர்கள் சொல்லும் காரணம். எங்கள் ஊரிலும் இதைச் சொல்வார்கள். ஆனால் நூத்தியெட்டு டிகிரி பார்க்கும் ஊரில், மின்விசிறி இல்லாத காலத்தில், அது எவ்வளவு கவலையோடு சொல்லப்பட்டிருக்கும் என்று ஆயா பேசும்போதுதான் உறைத்தது. அவருக்குப் பிறந்த முதல் பிள்ளை சித்திரைப் பிள்ளை. தங்கவில்லை. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

விருந்தில் வடை, பாயசம், அப்பளம், எல்லாம் உண்டு. நான் சொல்ல வேண்டியது கத்தரிக்காயைப் பற்றி. இலவம்பாடி இங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-இல் வேலூர் முள்ளுக் கத்தரி என்று புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் தொப்பியிலும் நிஜமாகவே முள். பறிக்கும்போது விரலில் ஏறும். அம்மா காம்பைக் கிள்ளாமல், நான்காகக் கீறி, வறுத்து அரைத்த மல்லாட்டையும் எள்ளும் மிளகாயும் அடைத்து, நல்லெண்ணெயில் மூடிபோட்டு வேக வைத்தார். தண்ணீரே ஊற்றவில்லை. வெந்ததும் தோல் மெல்லிய தாள்போல் சுருங்கி நிற்க, உள்ளே சதை வெண்ணெயாகிவிட்டது. விதை பல்லில் படவே இல்லை, கசப்பும் இல்லை. சென்னையில் பளபளவென்று அடுக்கி வைத்திருக்கும் காயை இனி எப்படி வாங்குவேன் என்று தெரியவில்லை. சந்தையில் இது கிலோ 50 ரூபாய்.

மாப்பிள்ளை கிளம்பும்போது தெரு முழுக்க வாசலில் நின்றது. அந்தப் பெண் உள்ளே சுவரோடு சாய்ந்து நின்றாள். பைக் திருப்பத்தில் மறையும்வரை யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அப்புறம் அண்ணி, "வா, கூழு காச்சணும், மாவு புளிச்சுடுச்சு" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

நாலு மணிக்கு மேற்கே வானம் கறுத்தது. எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். அரை மணி நேரத்தில் காற்று அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போய்விட்டது.

ஜூலை 18, வெள்ளி

ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தை வெள்ளிக்கிழமை, அதுவும் ஆடியின் முதல் வெள்ளி. ஐந்து மணிக்கே போனோம். அடிவாரத்து ஊர், உத்திரகாவேரி ஆற்றங்கரை. மலைமேலிருந்து இறக்கிய ஆடுகளும் சுற்று ஊர் ஆடுகளுமாக நிற்க இடமில்லை. அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் கிடா தேடுகிறார்கள். ஒரே நிறமாக, காதில் வெட்டில்லாமல் வேண்டும் என்கிறார்கள். போன மாதம் எட்டாயிரத்துக்குக் கேட்ட கிடா இன்றைக்குப் பத்தாயிரத்துக்குக் குறையாது என்று விற்பவர் அடித்துச் சொன்னார், அந்த விலைக்கே போகவும் செய்தது. திரும்பும் பஸ்ஸில் ஓர் ஆட்டுக்குட்டி என் பையின் மேலேயே நின்று நனைத்துவிட்டது. ஆட்டுக்காரப் பாட்டி தன் முந்தானையால் துடைத்து, "அம்மனுக்குப் போற ஆடு, ஒண்ணும் ஆவாது" என்றார்.

கூழ் ராத்திரியே காய்ச்சியாகிவிட்டது. அரிசி நொய்யைக் குழைய வேகவிட்டு, புளித்த கேழ்வரகு மாவைக் கரைத்து ஊற்றி, துடுப்பால் விடாமல் கிண்டினார்கள். கைமாற்றிக் கைமாற்றி மூன்று பெண்கள். காலையில் அது இறுகியிருந்தது. உப்பும் மோரும் விட்டுக் கரைத்துக் குடத்தில் ஊற்றி, வாயில் வேப்பிலை செருகி, கோயிலுக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே பெரிய அண்டா. ஒவ்வொரு வீட்டுக் குடமும் அதில் கவிழ்கிறது. ஒரு வீட்டுக் கூழ் புளிப்பாக, ஒரு வீட்டுக் கூழ் கெட்டியாக, ஒன்றில் வெங்காயம் போட்டு. எல்லாம் ஒன்றானபின் எந்த வீட்டுக் கூழ் என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் அதையே சொம்பு சொம்பாக எல்லாரும் வாங்கிக் குடிக்கிறார்கள். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைப் பொரியல். கருவாட்டுக் குழம்பு வீட்டில்.

பம்பை, உடுக்கைச் சத்தம் ஏற ஏற ஓர் அம்மாவுக்குச் சாமி வந்தது. கற்பூரத்தை ஏற்றி ஊர்ப் பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மழ எப்ப தாயே?" வேறு எதுவும் கேட்கவில்லை. கடன், கல்யாணம், நோய் எல்லாம் அப்புறம். "வருவேன், எல்லையச் சுத்தி வருவேன்" என்றாள் அம்மன். பின்னாலிருந்து ஒரு பெண், "எல்லைக்கு வந்தா போதாது, எங்க கொல்லைக்கு வா" என்று உரக்கச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் கையைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

ராத்திரி ஏழு மணிக்கு வடக்கே பளீர் பளீர் என்று வெட்டி, மண்வாசனை மட்டும் வந்தது. நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊரில் அரை மணி நேரம் கொட்டியதாம். இங்கே ஒரு துளி இல்லை. இந்த மாதங்களில் இப்படித்தான்: பகல் சூட்டில் எழும்பும் காற்றும், கடலிலிருந்து பிந்தி வரும் காற்றும், மேற்கே மலை தாண்டி வரும் காற்றும் மோதும் இடத்தில் மேகம் திரண்டு அங்கேயே இறங்கிவிடும். ஓர் ஊருக்கு உண்டு, அடுத்த ஊருக்கு இல்லை. சென்னையில் ஆடி, ஆவணியில் நடுராத்திரி இடி இடித்துப் பெய்யுமே, அதில் பல மழை இந்தப் பக்கத்திலிருந்து கிழக்கே நகர்ந்து வருவதுதான். வடகிழக்குப் பருவமழைதான் தமிழ்நாட்டு மழை என்று நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். வேலூரில் தென்மேற்குக் காலத்து மழை அதற்குச் சளைத்ததில்லை. மானாவாரிக் கொல்லைக்கு இந்தச் சாயங்கால மழைதான் சோறு.

ஜூலை 19, சனி

அமிர்திக் காட்டுப் பக்கம் போனோம். நாகநதியைப் பார்க்க வேண்டும் என்று முன்பே நினைத்திருந்தேன். மலையிலிருந்து இறங்கிக் கண்ணமங்கலம் வழியாகப் போகும் சின்ன ஆறு. பல வருஷம் வறண்டு கிடந்த இதில், நூறு நாள் வேலையில் பெண்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி, ஆற்றின் போக்கிலேயே குழி தோண்டிச் சிமெண்ட் உறை இறக்கி, ஓடிப்போகும் மழைநீரை மண்ணுக்குள் அனுப்பும் கிணறுகளைக் கட்டினார்கள். 2021 செப்டம்பரில் பிரதமரின் வானொலிப் பேச்சில்கூட இந்த ஆற்றின் பெயர் வந்தது. அந்த வேலைக்குப் போன அக்கா ஒருவர், ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், எங்களை அழைத்துப் போய் ஓர் உறைக்கிணற்றைக் காட்டினார். ஆற்றில் அப்போது தண்ணீர் இல்லை. அவர் வீட்டுக் கிணற்றில் இருந்தது. "முன்ன சித்திரையில அடி தெரியும். இப்ப கயிறு பாதிதான் எறங்குது" என்று கையை விரித்துக் காட்டினார். வழியில் நாவல் மரத்தடியில் பழம் பொறுக்கிக் கொடுத்தார், காசு வேண்டாம் என்றார். நாக்கு நீலமாகிவிட்டது.

நாலரை மணிக்கு மழை. இந்தத் தடவை ஏமாற்றவில்லை. முதலில் புழுதிக்காற்று, எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. அப்புறம் பெரிய பெரிய துளி, தரையில் விழுந்ததும் மண் குழிந்து எழும்பியது. ஓடும்போது என் செருப்பு வார் அறுந்தது. ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் ஏறி நின்றோம். உள்ளேயிருந்து வந்த அண்ணி யார் எவர் என்று கேட்கவில்லை. ஆளுக்கொரு துண்டு, அப்புறம் வரக்காப்பி. அவர்கள் வீட்டுப் பையன்கள் முற்றத்தில் சட்டையைக் கழற்றிப் போட்டு நின்றார்கள், யாரும் அதட்டவில்லை. வேர்க்குரு போகும் என்றார் அவர்களுடைய தாத்தா, தானும் படியில் காலை நீட்டி நனைய விட்டுக்கொண்டு. கிளம்பும்போது எனக்குத் தன் ரப்பர் செருப்பைக் கொடுத்தார் அந்த அண்ணி. திருப்பித் தருவது எப்படி என்றேன். "ஒடுகத்தூர் சந்தையில யார்கிட்ட குடுத்தாலும் வந்துடும்."

வீட்டுக்கு வந்தால் மின்சாரம் இல்லை. காற்றில் எங்கோ கம்பி அறுந்துவிட்டது. அண்ணன் டார்ச்சோடு கொல்லையில் நின்றார். மழையை அங்கே யாரும் சென்டிமீட்டரில் அளப்பதில்லை. கையை மண்ணுக்குள் விட்டுப் பார்க்கிறார்கள். மேலே சேறு, அதற்குக் கீழே ஈரம், அதற்குக் கீழே சுடுமண். ஈரமும் சுடுமண்ணும் தொடும் இடம் எங்கே என்பதுதான் கணக்கு. அவர் நாலு இடத்தில் தோண்டிப் பார்த்தார். மூன்று இடத்தில் சாணுக்கு மேல் ஈரம். மேட்டில் மட்டும் நாலு விரல் குறைவு. "ஒரு ஒழவு மழ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய் யார் யாருக்கோ போன் பேச ஆரம்பித்துவிட்டார்.

அதற்குள் வாசலில் அரிக்கன் விளக்கைச் சுற்றி ஈசல். புற்றிலிருந்து மேலே கிளம்பி வந்துகொண்டே இருந்தது. விளக்கின் கீழே அகலச் சட்டியில் தண்ணீர் வைத்தார்கள். விழுந்ததும் றெக்கை உதிர்ந்து மிதக்கிறது. வடித்து, முறத்தில் புடைத்து, மண்சட்டியில் வறுத்து, பொரித்த அரிசியும் மல்லாட்டையும் உப்பு மிளகாய்த்தூளும் சேர்த்து ஆயா ஒரு கிண்ணம் கொடுத்தார். எனக்கு முதல் பிடிக்குத் தயக்கம் இருந்தது. முறுமுறுவென்று, தேங்காயை நெய்யில் வறுத்ததுபோல் இருந்தது. கிண்ணம் காலி.

ஜூலை 20, ஞாயிறு

ஐந்து மணிக்கு ஏர். பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஜோடி மாடு வாடகைக்கு வந்திருந்தது. நேற்றுப் பேசிய போன் எல்லாம் இதற்குத்தான். கொல்லையின் ஈசானி மூலையில் மஞ்சள் பிள்ளையார் வைத்துக் கற்பூரம் ஏற்றி, முதல் பிடி விதையை ஆயா போட்டார். அதன்பின் ஏருக்குப் பின்னால் பெண்கள், மடியில் விதை கட்டிக்கொண்டு, ஒவ்வோர் எட்டுக்கும் சாலில் பருப்பு விழ விழ நடக்கிறார்கள். அடுத்த சால் மண் வந்து இதை மூடிவிடுகிறது. விதையில் மருந்து கலந்திருந்ததால் கை சிவப்பாகிவிடுகிறது. வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கழுவாமல் சோறு தொடக்கூடாது என்று அண்ணி எல்லாரையும் மிரட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு மடி கொடுத்தார்கள். நான் போட்ட சாலில் இடைவெளி அதிகம் என்று பின்னால் வந்த அக்கா ஒன்றும் பேசாமல் நடுவில் நடுவில் போட்டுக்கொண்டே வந்தார்.

பெண்ணாளுக்குக் கூலி 300, காலையில் கூழ், மத்தியானம் களியும் கருவாட்டுக் குழம்பும். களியை உருட்டி நடுவில் குழி பண்ணிக் குழம்பு ஊற்றித் தருகிறார்கள். மண்ணில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நேற்று வரை புழுதியாகப் பறந்த மண், இன்றைக்கு உட்கார்ந்தால் குளிர்ச்சியாக இருக்கிறது.

இந்த அவசரம் எதற்கு என்று சாப்பிடும்போது அண்ணன் விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார். மல்லாட்டைக்கு நூற்றைந்து, நூற்றுப்பத்து நாள். இன்றைக்குப் போட்டால் ஐப்பசி நடுவில் பிடுங்க வேண்டும். அது வடகிழக்கு மழை இறங்கும் நேரம். ஒரு வாரம் தள்ளினால் முற்றிய காய் ஈரத்திலேயே கிடந்து மண்ணுக்குள் முளைவிட்டுவிடும். பிடுங்கினாலும் காயவைக்க வெயில் இருக்காது. இரண்டு வாரம் தள்ளினால் கேட்கவே வேண்டாம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். விதைக்கும் மழையையும் கெடுக்கும் மழையையும் ஒரே கணக்கில் வைத்துச் சொன்ன பேச்சு அது என்று இவர் விரலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். முன்னால் வந்தால் விதைக்க ஈரம் இல்லை, பின்னால் போனால் எடுக்க வெயில் இல்லை. நடுவில் இருக்கும் சில நாளுக்காகத்தான் ஆனி முழுக்க அந்தத் திண்ணையில் உரித்தார்கள்.

மூன்று மணி வரை இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக முடிந்தது. எனக்கு நாலு மணி பஸ். அம்மா ஒரு பையில் முள்ளுக் கத்தரிக்காய், இன்னொரு பையில் நாலைந்து நீலம் மாம்பழம் வைத்துக் கொடுத்தார். இந்த வருஷத்துக்குக் கடைசி மாம்பழம் என்றார். ரப்பர் செருப்பைச் சிநேகிதியிடம் ஒப்படைத்தேன், வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகும். "ஐப்பசியில பிடுங்கறப்ப வா, பச்ச மல்லாட்ட அவிச்சுத் தரேன்" என்றார் ஆயா.

அண்ணன் பஸ் நிறுத்தம் வரை வந்தார். பேச்செல்லாம் மீதி ஒரு ஏக்கரைப் பற்றித்தான். மேட்டுப் பக்கம் ஈரம் நாளைக்குச் சாயங்காலம் வரைதான் நிற்கும். மாடு பேசியாகிவிட்டது, ஆள்தான் கிடைக்கவில்லை. நேற்றைய மழை சுற்றியிருக்கிற ஐந்தாறு ஊருக்கும் பெய்திருக்கிறது, எல்லாக் கொல்லையிலும் நாளைக்குத்தான் விதைப்பு.